கருணைக்கு இங்கே என்ன வேலை?

மெய்யியல் உரை ஒன்றில் மறுபடியும் அந்தத் தொடரைக் கேட்க நேர்ந்தது. "கருணைக் கொள்கைப்படி, எதிராளியின் பிழையை மன்னித்துவிட்டு மேலே போவோம்" என்றார் பேச்சாளர். அவையும் தலையாட்டியது. பிறர் சொன்னவை கூடியவரை மெய்யாகவும் முரணின்றியும் அமையும்படி அவர் பேச்சுக்குப் பொருள் கொள்ள வேண்டும் என்பதுதான் இந்தக் கொள்கை. மன்னிப்புக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஆனாலும் பேச்சாளரை நொந்து பயனில்லை. 'கருணை' என்று பெயர் வைத்தால் கேட்பவர் வேறு எதை நினைப்பார்?

மூலப் பெயர் 'பிரின்சிபிள் ஆஃப் சாரிட்டி'. 'சாரிட்டி' லத்தீன் 'காரிடாஸ்' வழி வந்தது. அதற்கு அன்பு, அருமை என்று பொருள். ஆங்கில கிங் ஜேம்ஸ் பைபிளில் 'சாரிட்டி' என்று வரும் கொரிந்தியர் நிருபப் பகுதியில் தமிழ் பைபிள் 'அன்பு' என்கிறது. சொல்லின் கதை அவ்வளவுதான்.

கொள்கைக்கு இந்தப் பெயரை வைத்தவர் மெய்யியலாளர் நீல் வில்சன், 1959இல். அவர் காட்டும் எடுத்துக்காட்டில் ஒருவன் சீசரைப் பற்றிச் சில செய்திகள் சொல்கிறான்: கால் (Gaul) நாட்டை வென்றார், ரூபிகான் ஆற்றைக் கடந்தார், மார்ச் 15ஆம் நாள் கொல்லப்பட்டார், பூடிக்காவை மணந்தார். கடைசிச் செய்தி அபத்தம். பிரிட்டன் அரசி பூடிக்கா சீசர் இறந்து ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப் பிறகு வாழ்ந்தவள். அதற்காக அவன் பூடிக்காவின் உண்மையான கணவனைத்தான் 'சீசர்' என்கிறான் என்று யாரும் கொள்வதில்லை. யாரை வைத்தால் அவன் சொன்னவற்றில் பெரும்பாலானவை மெய்யாகுமோ, அவரையே அந்தப் பெயருக்கு உரியவராகக் கொள்கிறோம். இதில் யார் யாருக்குக் கருணை காட்டினார்கள்?

அமெரிக்க மெய்யியலாளர் குவைன் 1960இல் இதை மொழிபெயர்ப்புக்குக் கொண்டுவந்தார். அயல்மொழிக்காரர் ஓர் அளவுக்குமேல் மடத்தனமாகப் பேசுவதாகத் தோன்றினால், அவர் மடையர் என்பதைவிட நம் மொழிபெயர்ப்பு கோணல் என்பதற்கே வாய்ப்பு அதிகம் என்றார். இன்னொரு அமெரிக்க மெய்யியலாளர் டேவிட்சன் ஒரு படி மேலே போனார்: இது நாம் விரும்பி அளிப்பதன்று, பிறர் பேச்சைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் நமக்கு வேறு வழியே இல்லை. 'கருணை' இங்கேதான் கவிழ்கிறது. கருணை காட்டலாம், காட்டாமலும் இருக்கலாம். அது மேலிருந்து கீழே இறங்குவது. 'ஈகைக் கொள்கை', 'தொண்டுக் கொள்கை' என்றும் எழுதுகிறார்கள். அகராதியைத் திறந்து முதலில் கண்ணில் பட்டதைப் பெயர்த்தெடுத்து ஒட்டுகிற வேலை. குவைன் சொன்ன சோதனையை இந்த மொழிபெயர்ப்பாளர்கள் தங்கள் வாக்கியத்துக்கே ஒருமுறை செய்து பார்த்திருக்கலாம். 'நல்லெண்ணக் கொள்கை' சற்றுத் தேவலாம். ஆனால் நீதிமன்றத்தில் எதிர்தரப்புச் சாட்சியின் பேச்சைப் புரிந்துகொள்ளவும் இதே கொள்கைதான் வேண்டும். அங்கே நல்லெண்ணத்தை எங்கே போய்த் தேடுவது?

என் பரிந்துரை 'இசைவுப் பொருள்கோள்'. பேச்சு தன்னோடு தான் இசைவது, உலகத்தோடு இசைவது என்ற இரண்டையும் 'இசைவு' தாங்கும். பொருள்கோள், அதாவது சொற்களைப் பொருத்திப் பொருள் கொள்ளும் முறை, செய்யுளுக்கு உரியது, நன்னூல் சொல்லும் எட்டு வகையோடு அது முடிந்தது என்று இலக்கணக்காரர் சிலர் முகம் சுளிப்பார்கள். இலங்கைச் சட்டங்களில் 'பொருள்கோடல்' என்றே பிரிவுத் தலைப்பு இருக்கிறது. அங்கே யாருக்கும் அது செய்யுளாகத் தெரியவில்லை.

நம் உரையாசிரியர்களுக்கு இது புதிதும் அன்று. 'இரக்க இரத்தக்கார்க் காணின்' என்று இரவு (பிறரிடம் இரந்து கேட்டல்) அதிகாரத்தைத் தொடங்கும் வள்ளுவர், அடுத்த அதிகாரத்துக்கே இரவச்சம் என்று பெயர் வைக்கிறார். இரக்கச் சொன்னவரே இரக்க அஞ்சச் சொல்வதா, இது மாறுகொளக் கூறல் (முன்னுக்குப் பின் முரணாகச் சொல்வது) அல்லவா என்று கேட்கலாம். பரிமேலழகர் மானம் தீரா இரவு, மானம் தீர வரும் இரவு, அதாவது மானம் கெடாமல் இரப்பது, மானம் கெட இரப்பது என்று பிரித்து இரண்டையும் நிற்க வைக்கிறார். வள்ளுவர்மேல் இரக்கப்பட்டு அவர் அதைச் செய்யவில்லை.

எதிராளியின் வாதத்தை அவரைவிட வலுவாக நாமே கட்டிக்காட்டுவதையும் இப்போது இந்தப் பெயரில் சேர்த்துவிடுகிறார்கள். அது வாதத்தில் ஓர் உத்தி. அதற்கு வேறு பெயர் வேண்டும். தயவுசெய்து அதற்கும் 'கருணை' வேண்டாம்.