ஈரக் குப்பையை ஊரைவிட்டு அனுப்பாதீர்கள்

குப்பை லோரியின் பின்பக்க இரும்புத் தட்டு இறங்கி அழுத்தும்போது கறுப்பாக ஒரு தண்ணீர் ஒழுகுமே, தாமான் (குடியிருப்புப் பகுதி) வாசலில் மறுநாள் வரை நாறுவது அதுதான். மழைத்தண்ணீர் என்று பலர் நினைக்கிறார்கள். மீந்த சோறு, குழம்பு, தர்பூசணித் தோல், மீன் செதில் இவற்றுக்குள் இருந்த தண்ணீர் அது. சமையலறைக் கழிவின் எடையில் 70 முதல் 80 விழுக்காடு தண்ணீர்தான். பத்துக் கிலோ கழிவைத் தொலைவிலுள்ள குப்பைமேட்டுக்கு ஏற்றிப்போனால், அதில் ஏழெட்டுக் கிலோ தண்ணீருக்காகவே டீசல் எரிகிறது.

அந்த ஈரம் மற்றதையும் கெடுக்கிறது. காய்ந்த அட்டைப்பெட்டிக்குப் பழைய சாமான் கடையில் காசு உண்டு. குழம்பில் ஊறிய அட்டைக்கு இல்லை. மலேசியாவில் பகாவ், குளுவாங் போன்ற ஊர்களில் 672ஆம் சட்டம், அதாவது 2007ஆம் ஆண்டின் திடக்கழிவு, பொதுத் துப்புரவு மேலாண்மைச் சட்டம், 2011 செப்டம்பரிலிருந்து நடப்பில் இருக்கிறது. 2015 செப்டம்பர் 1 முதல் வீட்டிலேயே குப்பையைப் பிரிப்பதும் கட்டாயம். வாரத்தில் இரண்டு நாள் மிச்சக் குப்பை எடுப்பார்கள், ஒரு நாள் மறுசுழற்சிப் பொருள். பேராக் மாநிலம் இந்தச் சட்டத்தை ஏற்கவில்லை. அதனால் சுங்கை சிப்புட்டில் நகராண்மைக் கழகம் வகுப்பதுதான் முறை. சட்டம் இருக்கும் ஊரிலும் ஒரு குறை உண்டு: காகிதம், நெகிழி, கண்ணாடி தனியே போகின்றன, சோறும் குழம்பும் 'மிச்சக் குப்பை'யோடு சேர்ந்து அதே தொட்டிக்குள் விழுகின்றன. பாதி வேலைதான் நடந்திருக்கிறது.

குப்பைமேட்டில் புதைந்த சோறு என்னவாகிறது? முதல் சில நாளில், இடுக்கில் இருக்கும் காற்றை நுண்ணுயிர்கள் தீர்த்துவிடுகின்றன. பிறகு காற்றில்லாமல் வாழும் வகைகள் வேலையைத் தொடங்கி அமிலங்களை உண்டாக்குகின்றன. புளித்த கழிவுநீர் கசிவது இந்தக் கட்டத்தில்தான். அதற்கும் பின்னால் மீத்தேன் வருகிறது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், எடைக்கு எடை கரியமிலவாயுவைவிட ஏறக்குறைய 28 மடங்கு அதிகமாகப் பூமியைச் சூடேற்றும் வாயு அது. அதே சோற்றுக்குக் காற்று கிடைத்தால் மீத்தேன் பெரும்பாலும் உண்டாவதில்லை, வெப்பமும் உரமும்தான் மிஞ்சும். ஆக, கேள்வி காற்றைப் பற்றியது. காற்றை அடைப்பது ஈரம்.

இந்த இடத்தில் தோட்டப்புற ஊர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. பெரிய நகரங்களில் உரம் போட முனைபவர்கள் தேடி அலைவது காய்ந்த, கரிமம் மிகுந்த பொருளை. நம் ஊரைச் சுற்றி அது கொட்டிக் கிடக்கிறது: காய்ந்த செம்பனை ஓலை, ரப்பர்ச் சருகு, ஆலையில் பழத்தை எடுத்தபின் மிஞ்சும் வெற்றுக்குலை. ஒரு டன் செம்பனைக் குலையில் 200 கிலோவுக்கு மேல் வெற்றுக்குலைதான். ஆனால் பெரும்பாலான தோட்டங்கள் அதை மரத்தடியில் பரப்பவே வைத்திருக்கின்றன, கேட்காமல் எடுக்கக் கூடாது. முழுக் குலை எளிதில் மக்காது, நாராகப் பிய்த்தது வேண்டும். ஓலையிலும் இலைப் பகுதியை மட்டும் நறுக்குங்கள். மட்டை மரக்கட்டை போல, மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

கலவைக் கணக்கு எளிது. பத்துக் கிலோ சமையலறைக் கழிவில் சுமார் 7.5 கிலோ தண்ணீர். அதோடு ஐந்து கிலோ காய்ந்த சருகு, அதில் முக்கால் கிலோ தண்ணீர் என்று வையுங்கள். மொத்தம் 15 கிலோவில் 8.25 கிலோ தண்ணீர், அதாவது 55 விழுக்காடு. நுண்ணுயிர்களுக்கு வேண்டியது 50 முதல் 60 வரை. எடையில் இரண்டுக்கு ஒன்று என்றாலும் அளவில் தலைகீழ்: சருகு இலேசானது, ஒரு வாளிக் கழிவுக்கு இரண்டு வாளிச் சருகு போகும். பெரும்பாலோர் தவறுவது இங்கேதான், ஒரு பிடி சருகு தூவிவிட்டு நாறுகிறது என்பார்கள். கலவை புட்டு மாவுப் பதத்தில் இருக்க வேண்டும். கையில் பிடித்தால் சேர வேண்டும், தட்டினால் உதிர வேண்டும், இறுகப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வரலாம்.

இருபது வீடுகள் சேர்ந்தால் நல்லது. வீட்டுக்கு இரண்டு கிலோ என்றால் நாளுக்கு 40 கிலோ, சருகு 20 கிலோ. வாரக் கடைசியில் ஏறத்தாழ ஒரு கன மீட்டர் குவியல் சேரும். அதைவிடச் சிறிய குவியலில் வெப்பம் தங்காது. பழைய பலகைத் தட்டுகளை அடித்து, நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு மீட்டராக ஐந்து அறை செய்யுங்கள். அடியில் ஒரு சாண் உயரத்துக்கு மட்டைத் துண்டு பரப்பினால் காற்று கீழிருந்தும் ஏறும். மேலே தகரக் கூரை கட்டாயம். இங்கே சாயங்கால மழை ஒன்றே ஒரு வார உழைப்பைக் கரைத்துவிடும். இரண்டு மூன்று நாளில் குவியலின் நடுவே சூடு 55 டிகிரியைத் தாண்ட வேண்டும். வெப்பமானி இல்லையா? ஓர் இரும்புக் கம்பியைப் பத்து நிமிடம் செருகி எடுங்கள், கையில் பிடிக்க முடியாதபடி சுட வேண்டும். அந்தச் சூடு மூன்று நாளாவது நிற்க வேண்டும், நோய்க்கிருமியும் களை விதையும் சாவது அதில்தான். வாரம் ஒரு முறை வெளிப்பக்கத்தை உள்ளே தள்ளிப் புரட்டுங்கள்.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்குக் கூடை முறை உண்டு. கோஜி தக்காகுரா என்ற ஜப்பானியர் இந்தோனேசியாவின் சுராபாயாவில் உருவாக்கியது. சர்க்கரைத் தண்ணீரில் தெம்பே (புளித்த சோயா), தப்பாய் (புளித்த சோறு), தயிர் போட்டு மூன்று முதல் ஐந்து நாள் புளிக்க விட்டு, தவிட்டிலும் உமியிலும் கலந்து மூடிவைத்தால் வெள்ளைப் பூஞ்சை படரும். துளையுள்ள கூடையில் அட்டை விரித்து இதை நிரப்பி, தினமும் சிறிது கழிவைப் பொடியாக நறுக்கிக் கிளறலாம். அழுகிய முட்டை வாடை வந்தால் ஈரம் மிகுந்து காற்று போய்விட்டது, உமி சேருங்கள்.

கோயில் கழிவு தனி வகை. அன்னதானம் முடிந்து அடுக்காக விழும் வாழையிலைகள் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டித் தகடாகிவிடும். அதற்கடியில் காற்றே போகாது, சில நாளில் கருத்துப் புளிக்கும். கிழித்துத்தான் போட வேண்டும். பூமாலைக்குள் நைலான் நூல் இருக்கும். உரம் சலிக்கும்போது நூலைப் பிரித்தெடுப்பது பெரிய தலைவலி, நறுக்கும் இயந்திரத்தின் அச்சில் சுற்றிக்கொண்டால் இயந்திரத்தையே நிறுத்திவிடும். உதிரிப் பூவாக வாங்கச் சொல்லிவிட்டால் பிரச்சினை அங்கேயே முடிகிறது. உடைத்த தேங்காய் மூடியை மழையில் கிடக்க விட்டால் ஏடிஸ் கொசு முட்டையிடும், கவிழ்த்துவையுங்கள் அல்லது தனியே எரிகரிக்குக் கொடுங்கள்.

மூக்கைத் துளைக்கும் அமோனியா வாடை வந்தால் தழைச்சத்து மிகுதி: பருப்பு, கோழிக் கழிவு, மீன். இன்னும் இரண்டு வாளிச் சருகு போடுங்கள். ஆலையின் கொதிகலன் சாம்பலை அள்ளிப் போட்டாலும் இதே வாடைதான், சாம்பலின் காரத்தன்மை அமோனியாவைக் கிளப்பிவிடும். பொரித்த எண்ணெயைக் குவியலில் ஊற்றாதீர்கள், அது துகள்களை மூடிக் காற்றைத் தடுக்கும். புட்டியில் சேர்த்துவைத்தால் வாங்கிப்போக ஆள் இருக்கிறது.

செம்பனைக்காரர்கள் அஞ்சுவது காண்டாமிருக வண்டை. மக்கும் குவியலில் முட்டையிட்டு, வளர்ந்த வண்டு இளங்கன்றின் குருத்தைத் துளைக்கும். வளைந்த தடித்த வெள்ளைப் புழு கண்ணில் பட்டால் அதுதான். சூடான, வாராவாரம் புரட்டும் குவியலில் அது பிழைப்பது கடினம். கண்டுகொள்ளாமல் விட்ட ஆறிய குவியல்தான் அதன் வீடு. ஆகவே உரத்தை மூன்று மாதத்துக்குள் எடுத்துவிடுங்கள்.

தோட்டத்து லயத்தில் (வரிசை வீடுகளில்) குப்பையைக் குழியில் எரிப்பது இன்னும் பல இடத்தில் பழக்கம். 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தில் திறந்தவெளி எரிப்புக்குத் தடை இருக்கிறது. அதைவிட முக்கியமாக, ஈரக் குப்பை குறைந்த சூட்டில் புகைந்து எரியும்போது நெகிழியிலிருந்து கிளம்பும் நச்சு, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் மூச்சில்தான் போகிறது.

நான்கு வாரம் புரட்டிய பின் மேலும் ஐந்தாறு வாரம் ஆறப் போட்டு, ஒரு சென்டிமீட்டர்ச் சல்லடையில் சலியுங்கள். சரிபாதி மண் கலந்து பத்துப் பச்சைப்பயறு விதையுங்கள். ஐந்து நாளில் எட்டுக்குக் குறைவாக முளைத்தால் உரம் இன்னும் பச்சை, இரண்டு வாரம் கழித்து மறுபடி பாருங்கள்.