"30 சதவீதம் மாற்றிவிட்டேன்" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்

இந்த மாதமும் ஓர் ஓவியர் வந்தார். அவர் வரைந்து விற்றுக்கொண்டிருந்த பேட்மேன் படத்தை யாரோ அப்படியே எடுத்து டீஷர்ட்டில் அச்சடித்து விற்கிறாராம். கேஸ் போட வேண்டுமாம். "உங்களுக்கு அனுமதி இருந்ததா?" என்று கேட்டேன். "எனக்கெதற்கு மேடம்? நான்தான் 30 சதவீதம் மாற்றியிருக்கிறேனே! அவ்வளவு மாற்றினால் அனுமதி வேண்டாம் என்கிறார்களே!"

காப்பிரைட் (பதிப்புரிமை) வழக்குகளே தொழிலாகிவிட்ட வக்கீலான எனக்கு இந்த 30 சதவீதத்தைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. (ஆள் அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். எத்தனை சதவீதம் என்று கேட்காதீர்கள்.)

அப்படி ஒரு கணக்கு சட்டத்தில் கிடையாது. 10 கிடையாது, 20 கிடையாது, 30-உம் கிடையாது. யார் அளப்பது? எந்த அளவுகோலால்? அவர் படத்தைக் காட்டினார். முதுகில் தொங்கும் அங்கி கருநீலம், காதுகள் வழக்கத்தைவிட நீளம், மார்பிலுள்ள வௌவால் தலைகீழாகத் தொங்குகிறது. கற்பனை நன்றாகவே இருந்தது. "சரி, இது யார்?" என்றேன். "பேட்மேன்." விற்பனைப் பக்கத்திலும் அதே பெயர். அதற்குமேல் வாதாட என்ன இருக்கிறது? மீதியெல்லாம் எவ்வளவு மாறியிருந்தாலும், எடுத்துக்கொண்டது எது என்றுதான் நீதிமன்றம் பார்க்கும்.

பேட்மேனின் காரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1966 தொலைக்காட்சித் தொடரில் அதற்கு ஒரு வடிவம், 1989 திரைப்படத்தில் வேறு வடிவம். அவற்றைப் போலவே கார் செய்து விற்றவர்மேல் பேட்மேனின் உரிமையாளரான டிசி நிறுவனம் வழக்குப் போட்டது. வடிவம் காலத்துக்குக் காலம் மாறினாலும் அடையாளம் காட்டும் தன்மைகள் தொடர்கின்றன, எனவே அந்தக் காரும் பாதுகாப்புக்குரிய கதாபாத்திரம்தான் என்று 2015-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காருக்கே இப்படியென்றால் முகமூடி போட்டவருக்கு?

டீஷர்ட்காரர் செய்ததும் தப்புதான். ஆனால் அமெரிக்கச் சட்டப்படி, பிறர் படைப்பை முறையின்றிப் பயன்படுத்திய பகுதிக்கு உங்களுக்குக் காப்பிரைட் கிடைக்காது. அவரைத் தட்டிக்கேட்க வேண்டியது பாத்திரத்தின் உரிமையாளர். அந்த உரிமையாளரைக் கூப்பிட்டால் உங்கள் கடையையும் சேர்த்தே பார்ப்பார். இதைச் சொன்னதும் என்னிடம் வந்த ஓவியரின் முகம் போன போக்கை எழுதத் தேவையில்லை.

இன்னொரு தொல்லை, படத்துக்குக் கீழே போடும் அந்த வரி: "உரிமை எல்லாம் நிறுவனத்துக்கே, மீறும் எண்ணம் இல்லை." தெரியாமல் செய்துவிட்டேன் என்று பின்னால் சொல்லக்கூட வழியில்லாமல் நீங்களே எழுதிக்கொடுத்துவிடுகிறீர்கள். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வேறென்ன வேண்டும்?

பழைய பாத்திரம்தானே என்பவர்களும் உண்டு. 1938-இல் வந்த சூப்பர்மேனுக்கு அமெரிக்காவில் காப்பிரைட் 95 ஆண்டு. 2034 ஜனவரி 1-இல்தான் பொதுவுக்கு வருகிறார், அதாவது யாரும் அனுமதியின்றிப் பயன்படுத்தலாம். அதுவும் 1938-ஆம் ஆண்டுச் சூப்பர்மேன், பறக்கத் தெரியாதவர், தாவுவார், அவ்வளவுதான். 1929-இல் பிறந்த காமிக்ஸ் நாயகன் டின்டின் 2025-இல் அமெரிக்காவில் பொதுவாகிவிட்டார். ஐரோப்பாவில் அவரைப் படைத்த எர்ஜே இறந்த 1983-இலிருந்து 70 ஆண்டு எண்ண வேண்டும். சின்னங்களுக்கு டிரேட்மார்க் (வணிகக்குறி) உரிமை தனி. புதுப்பித்துப் பயன்படுத்தும்வரை அதற்கு முடிவே இல்லை.

இதற்காக வரைவதை நிறுத்திவிடாதீர்கள், அது என் நோக்கமே இல்லை. பிடித்த பாத்திரத்தைப் பார்த்து வரைந்துதான் பலருக்கும் கை பழகுகிறது. நோட்டுப்புத்தகத்தில் வரைவதைக் கேட்க யாரும் வரப்போவதில்லை. இணையத்தில் போடுவதையும் நிறுவனங்கள் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. ஜப்பானில் 1975 முதல் நடக்கும் காமிக் மார்க்கெட்டில் ரசிகர்கள் வரைந்த புத்தகங்கள் விற்பனைக்கே வருகின்றன. ஆனால் நிறுவனங்கள் கண்டுகொள்ளாமல் விடுவது வேறு, உங்களுக்கு உரிமை இருப்பது வேறு. நாளைக்கே மனம் மாறலாம்.

விற்பதென்றால் முதலில் அந்த நிறுவனம் ஃபேன் ஆர்ட் (ரசிகர்கள் வரையும் படம்) விதிமுறை வெளியிட்டிருக்கிறதா என்று படியுங்கள். ஒருவர் கேட்டு, ஒரே ஒரு படம் வரைந்து காசு வாங்கினாலும் விற்பனைதான். காமிக்ஸ் பக்கத்திலிருந்து போஸை அப்படியே மேலே வைத்து டிரேஸ் செய்யாதீர்கள். அது இன்னொரு ஓவியரின் கோடு. கேலியோ விமர்சனமோ உள்ள படத்துக்கு ஃபேர் யூஸ் (அனுமதியின்றியும் நியாயமாகப் பயன்படுத்தலாம் என்னும் சட்ட விலக்கு) உதவலாம், ஆனால் அதை ஒவ்வொரு வழக்காக எடைபோட்டுத்தான் முடிவுசெய்வார்கள், மந்திரம்போல் சொல்லித் தப்ப முடியாது. நீங்களே உருவாக்கிய பாத்திரங்கள் இருந்தால் கணினியில் வரைந்த அடுக்குகளோடு (லேயர்) மூலக் கோப்பைப் பத்திரமாக வையுங்கள். அவற்றைத் திருடினால் சண்டைபோட நான் இருக்கிறேன்.

அப்புறம், படத்தை நீக்கியதாக இணையதளத்திலிருந்து அறிவிப்பு வந்தால் கோபத்தில் "மறுக்கிறேன்" பொத்தானை அழுத்தாதீர்கள். அமெரிக்கச் சட்டப்படி அனுப்பும் எதிர் அறிவிப்பில், பொய் சொன்னால் தண்டனை உண்டு என்ற பொறுப்போடு நீங்கள் உறுதிமொழி தருகிறீர்கள். அங்குள்ள நீதிமன்றத்தின் அதிகாரத்துக்கும் சம்மதிக்கிறீர்கள். அழுத்திவிட்டு என்னிடம் வருகிறவர்கள்தான் அதிகம். முன்னாலேயே வாருங்கள், அல்லது வேறு வக்கீலிடமாவது போங்கள்.