இந்த வருஷம் எத்தனை மீன்? நெவாடா பழங்குடி நிலத்திலிருந்து ஒரு ட்ரவுட் கணக்கு

ட்ரவுட் என்றாலே நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது நீலகிரியின் அவலாஞ்சி. 1907இல் அங்கே பண்ணை அமைத்து, ஆங்கிலேயர் தூண்டில் போட்டுப் பொழுதுபோக்க வளர்த்த மீன் அது. நமக்கு அது வந்தேறி. நான் வேலை செய்யும் இடத்தில் கதை தலைகீழ். அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் லாஹான்டன் கட்த்ரோட் என்னும் ட்ரவுட் அந்த மண்ணுக்கே உரியது. தாடைக்கு அடியில் கீறிவிட்டாற்போல் சிவப்புக் கோடு இருக்கும். அந்த மீனை ஓரங்கட்டியதில், நீலகிரிக்கு வந்த அதே ரெயின்போ ட்ரவுட்டுக்கும் பங்கு உண்டு. இரண்டும் வசந்த காலத்தில்தான் முட்டையிடும்; கலந்து குஞ்சு பொரித்துவிடும். சில தலைமுறைகளில் அசல் இனம் கரைந்து போகும்.

களப்பணி முடிந்து வந்தால் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "இந்த வருஷம் எத்தனை மீன்?" அதற்கு ஒற்றை எண்ணைப் பதிலாகச் சொல்ல எனக்குத் தயக்கம். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் கொஞ்சம் பழைய கதை. பனியுகத்தின் கடைசியில் வடமேற்கு நெவாடாவை நிறைத்துக் கிடந்த லாஹான்டன் என்ற பேரேரி வற்றியபோது, மிச்சமிருந்த ஏரிகளிலும் ஓடைகளிலும் இந்த மீன் தங்கிப்போனது. அவற்றில் பெரிய பெயர் பிரமிட் ஏரிக்கு. பையூட் பழங்குடியினரின் ஏரி. 1925இல் பையூட் மீனவர் ஒருவர் அங்கே பிடித்த மீன் 41 பவுண்டு, அதாவது பதினெட்டு கிலோவுக்கும் மேல். ஆனால் அதற்கு முன்பே கேடு தொடங்கிவிட்டது. 1905இல், ஏரிக்கு நீர் கொண்டுவரும் ட்ரக்கி ஆற்றின் குறுக்கே டெர்பி அணையைக் கட்டி, பாசனத்துக்குத் தண்ணீரைத் திருப்பினார்கள். ஏரி மட்டம் இறங்கியது. ஆற்றுக்குள் ஏற மீனுக்கு வழியில்லை. 1938க்குப் பிறகு முட்டையிட ஒரு மீனும் மேலேறவில்லை. 1970களில் யூட்டா எல்லையோர மலை ஓடை ஒன்றில் அந்த ஏரியின் பழைய வம்சம் ஒளிந்திருப்பது தெரிய வந்தது. அதிலிருந்து வளர்த்த மீன்களை 2006 முதல் ஏரியில் விட்டார்கள். 2014இல், 76 ஆண்டுகளுக்குப் பிறகு, ட்ரக்கி ஆற்றில் அவை மறுபடியும் முட்டையிட்டன. நல்ல செய்திதான். ஆனால் பண்ணையின் தயவில்லாமல் அந்த ஏரியால் இன்னும் நிற்க முடியவில்லை.

அதனால்தான் சம்மிட் ஏரி முக்கியமாகிறது. மாநிலத்தின் வடமேற்கு மூலையில், சுமார் 1,800 மீட்டர் உயரத்தில், நிலச்சரிவு ஓடையை மறித்ததால் உண்டான ஏரி. தண்ணீர் உள்ளே வரும், வெளியே போக வாய்க்கால் கிடையாது. 1913இல் அரசாணை மூலம் சம்மிட் ஏரி பையூட் பழங்குடிக்கென ஒதுக்கப்பட்ட நிலம் அது. யாரும் குஞ்சு கொண்டுவந்து விடாமலே இந்த மீன் ஏரியில் வளர்ந்து, மகோகனி ஓடையில் ஏறி முட்டையிட்டு, தானாகவே வாழும் மிகச் சில ஏரிகளில் ஒன்று. பிரமிட் ஏரிக்கே ஒரு காலத்தில் இங்கிருந்துதான் சினை போனது.

போய்ச் சேருவதே ஒரு வேலை. தார்ச் சாலை முடிந்த பிறகு மணிக்கணக்கில் சரளைப் பாதை; மழை பெய்தால் களிமண் சக்கரத்தை விடாது. எரிமலைக் கல் டயரைக் கிழிக்கும். போன் சிக்னல் இல்லை, செயற்கைக்கோள் கருவி ஒன்றுதான் துணை. இதையெல்லாம் சாகசமாகச் சொல்வதில் எனக்கு விருப்பமில்லை. அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது வீட்டுக்குப் போகும் வழி.

பனி உருகி ஓடையில் நீர் ஏறும் நாட்களில் மீனும் ஏறும். ஓடையின் குறுக்கே கம்பித் தட்டி வைத்து, நடுவில் ஒரு கூண்டு. காலையில் தட்டியில் அடைந்த இலையையும் சுள்ளியையும் தள்ளிவிடுவதுதான் முதல் வேலை. இல்லாவிட்டால் நீர் பொங்கித் தட்டியையே சாய்த்துவிடும். அப்புறம் கைவலையால் மீனை எடுத்து, மயக்க மருந்து கலந்த தொட்டியில் விடுவோம். பெரும்பாலும் கிராம்பு எண்ணெயிலிருந்து எடுத்த மருந்துதான். அந்தக் கூடாரத்துக்குள் நுழைந்தால் பல் மருத்துவரிடம் போன மாதிரி வாசனை. மீன் பக்கவாட்டில் சாய்ந்ததும் நீளம், எடை, ஆணா பெண்ணா என்று பார்ப்போம். பெண் மீனின் வயிறு முட்டை கட்டி மெத்தென்றிருக்கும். ஆண் மீனின் கன்னமும் விலாவும் செம்பு நிறமாகச் சிவந்திருக்கும். கையை நனைக்காமல் தொடக் கூடாது. உலர்ந்த கை மீனின் மேல்வழுவழுப்பை உரித்துவிடும், பூஞ்சை பிடிக்கும். புதிய மீன் என்றால் அடையாள எண் பதித்த, அரிசி மணி அளவு கண்ணாடிக் குப்பி ஒன்றை வயிற்றுக்குள் செலுத்துவோம். பேட்டரி கிடையாது. ஓடையில் புதைத்த ஆண்டெனா வளையத்தைத் தாண்டும்போது மட்டும் தன் எண்ணைச் சொல்லும். கடைசியில், சுத்தமான ஓடும் நீரில் மீனைத் தலை எதிர்நீரைப் பார்க்கப் பிடித்திருப்போம். செவுள் சீராக அடிக்கத் தொடங்கி, வாலை உதறிக் கையிலிருந்து நழுவும் வரை விடக் கூடாது. தண்ணீர் சூடேறினால் அன்றைய வேலையை மூட்டை கட்டிவிடுவோம். சூடான நீரில் பிராணவாயு குறைவு. தரவுக்காக மீனைச் சாகடிப்பதில் அர்த்தமில்லை.

சரி, எண்ணிக்கைக்கு வருவோம். ஒரு வருஷம் கூண்டில் மீன் குறைந்தால் மீனே குறைந்துவிட்டது என்று ஆகாது. பனி குறைந்த வருஷத்தில் ஓடை ஏரியைச் சேரும் இடத்தில் மணல்மேடு தட்டி, மேலே ஏற ஆழம் போதாமல் போகலாம். ஆழமில்லாத அந்த முகத்துவாரத்தில்தான் பெலிக்கன் பறவைக்கும் வேட்டை எளிது. சில பெண் மீன்கள் ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம் முட்டையிடும். சில மீன்கள் ஏரிக்கே போகாமல் ஓடையிலேயே வாழ்ந்து முடித்துவிடும். அவை கூண்டுக் கணக்கில் வராது. அதற்காகத்தான் கோடை முடிவில், நீர் வடிந்த பிறகு, ஓடை நீரில் மின்சாரம் பாய்ச்சி மீனைச் சற்று நேரம் மயங்கவைக்கும் கருவி கொண்டு இன்னொரு கணக்கு எடுக்கிறோம். ஒரு வருஷத்து எண்ணைப் பக்கத்து வருஷங்களோடும், அந்தந்த வருஷத்து நீரோட்டம், வெப்பநிலையோடும் வைத்துப் பார்த்தால்தான் அது பேசும். நிதி இல்லை என்று ஒரு பருவம் விட்டுப்போனால், அந்த ஓட்டையை அடைக்க எந்தக் கணக்கியலாலும் முடியாது. நிதி கொடுப்பவர்களுக்கு இதைப் புரியவைப்பதுதான் என் தொழிலிலேயே கடினமான பகுதி. புதிய திட்டத்துக்குக் காசு கிடைக்கும். பழைய வேலையைத் தொடர்வதற்குக் கிடைக்காது.

மீன் பிடிப்பவர்களுக்கும் மலை நடை போகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். காலணியைக் கவனியுங்கள். நியூசிலாந்துச் சேற்று நத்தை என்று ஒன்று இருக்கிறது, மிளகைவிடப் பொடிசு. ஆண் துணை இல்லாமலே இனம் பெருக்கும், ஈரக் காலணியில் பல நாள் உயிரோடு இருக்கும். ஒன்று போதும் ஓர் ஓடைக்கு. நாங்கள் ஓடைக்கு ஓடை காலணியையும் வலையையும் தேய்த்துக் கழுவி, முழுக்க உலர்த்துகிறோம். முடிந்தால் உறைபெட்டியில் ஓர் இரவு வைக்கிறோம். வாளியில் மீனை எடுத்துப் போய் வேறு ஓடையில் விடுவது இன்னும் மோசம். 'இங்கேயும் வளரட்டுமே' என்ற நல்லெண்ணத்தில் செய்வார்கள். பல ஓடைகளில் இந்த இனம் அழிந்ததற்கு அந்த நல்லெண்ணமும் ஒரு காரணம்.

இன்னொன்று, அனுமதி. பழங்குடி நிலம் தேசியப் பூங்கா அல்ல. இந்த மீன் 1970இல் அழியும் இனமாகவும், 1975இல் ஒரு படி குறைத்து அச்சுறுத்தலில் உள்ள இனமாகவும் மத்திய அரசின் பட்டியலில் ஏறியது. அதைப் பிடித்து ஆய்வதற்கான அரசின் அனுமதிச் சீட்டு கையில் இருந்தாலும், பழங்குடி மன்றம் சம்மதிக்காமல் ஓடையில் கால் வைக்க முடியாது. நாங்கள் சேகரிக்கும் தரவும் அவர்களுடையது. கூண்டு இருக்கும் இடத்தைப் படமெடுத்துச் சமூக வலைத்தளத்தில் போடுவதில்லை. ஆய்வுக் கட்டுரை எழுதினால் முதலில் அவர்கள் படிப்பார்கள். சிலருக்கு இது தாமதமாகத் தெரிகிறது. எனக்கு அப்படித் தோன்றியதில்லை. அந்த மீனை உண்டு வாழ்ந்தவர்கள், அது குறையத் தொடங்கியதைக் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள்தான்.

அமெரிக்காவில் மீனியல், சூழலியல் படிக்கும் தமிழ் மாணவர்கள் பலர் இந்த மாதிரிப் பருவ வேலை எங்கே கிடைக்கும் என்று கேட்கிறார்கள். பழங்குடிகளின் இயற்கை வளத் துறைகள் பெரும்பாலும் குளிர்காலத்திலேயே அறிவிப்பு வெளியிடும். வசந்தத்தில் தேடத் தொடங்கினால் இடம் நிரம்பியிருக்கும். விண்ணப்பத்தில் மதிப்பெண்ணைவிட முதலுதவிச் சான்றிதழும், சரளைப் பாதையில் வண்டி ஓட்டிய பழக்கமும், தனியாக டயர் மாற்றத் தெரியும் என்ற ஒரு வரியும் அதிகம் எடுபடும். பழங்குடி இளைஞர்களுக்குத்தான் முன்னுரிமை. அது நியாயம்தான், அதை மனதில் வைத்தே விண்ணப்பியுங்கள்.