பெல்ட் நின்ற பிறகு: வராத பெட்டியை மீட்பது எப்படி?

பதினான்கு மணி நேரம் பறந்து, குடியேற்றச் சோதனை வரிசையில் கால் கடுக்க நின்று, கடைசியில் பெல்ட்டின் அருகே வந்து சேரும் பயணிக்குத் தன் பெட்டி வரவில்லை என்பது உடனே உறைப்பதில்லை. கூட்டம் கலைந்த பிறகு யாரும் எடுக்காத ஒரு பெட்டி மட்டும் நாலைந்து முறை சுற்றிவரும், பிறகு பெல்ட்டும் நின்றுவிடும். அந்த நேரத்தில் எங்கள் கவுன்டருக்கு வருகிறவர்களில் பலர், "நாளைக்குப் போன் செய்து கேட்டுக்கொள்கிறேன், இப்போது தூங்கினால் போதும்" என்றுதான் சொல்வார்கள். விமானப் பயணிகளின் உடைமைகளைத் தேடிக் கொடுக்கும் பணியில் பல ஆண்டுகள் இருந்துவிட்ட நான், அவர்களிடம் கெஞ்சாத குறையாகக் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: புகாரைப் பதிவு செய்து, அதன் எண்ணைக் கையில் வாங்காமல் இந்தக் கூடத்தைவிட்டு வெளியே போகாதீர்கள்.

முதலில், சுற்றிக்கொண்டிருக்கும் அந்த ஒற்றைப் பெட்டியின் அருகே போய்ப் பாருங்கள். நிறமும் அளவும் உங்களுடையதைப் போலவே இருந்தால், அதன் சொந்தக்காரர் அவசரத்தில் உங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போயிருக்கக்கூடும். அதிலுள்ள டேக்கைக் கொண்டு அவர் யார் என்று நாங்கள் கண்டுபிடித்துவிடுவோம்; அவர் வீடு போய்ச் சேரும் முன்பே தொலைபேசியில் பிடித்துவிட்ட நாட்களும் உண்டு. பெரிய அளவுச் சாமான்கள் வேறொரு வாயில் வழியாக வரும் என்பதால், அங்கும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

கவுன்டரில் நாங்கள் பதிவு செய்யும் புகார் அறிக்கையைச் (Property Irregularity Report) சுருக்கமாகப் பி.ஐ.ஆர். என்போம். அதற்குக் கிடைக்கும் எண்ணில் பத்து இடங்கள் இருக்கும்: முதல் மூன்று எழுத்துகள் விமான நிலையத்தையும், அடுத்த இரண்டு விமான நிறுவனத்தையும் குறிக்கும், மீதி ஐந்தும் வரிசை எண். இந்தப் பதிவு வேர்ல்டு டிரேசர் என்னும் பொதுவான கணினி அமைப்புக்குள் போய், அதைப் பயன்படுத்தும் விமான நிலையங்களில் உரிமையாளர் தெரியாமல் கிடக்கும் பெட்டிகளின் விவரங்களோடு ஒப்பிடப்படுகிறது. அதற்கு நாங்கள் கேட்கும் முதல் தகவல், செக்-இன் செய்தபோது ஒட்டிக் கொடுத்த டேக் ரசீதிலுள்ள பத்து இலக்க எண். குடும்பமாகப் பயணம் செய்கிறவர்களுக்கு எல்லா ரசீதுகளையும் ஒருவருடைய போர்டிங் பாஸின் பின்புறத்திலேயே ஒட்டிவிடுவது வழக்கம். பெட்டி வராதபோது அந்த ஒருவர் முன்னால் வெளியே போயிருப்பார். பின்னால் நிற்பவரிடம் எந்த எண்ணும் இருக்காது.

பெரும்பாலும் பெட்டி தொலைந்துபோவதில்லை, பின்தங்கிவிடுகிறது. இடையில் விமானம் மாறும் நிலையத்தில் ஐம்பது நிமிடமே இருந்தால், பயணி ஓடிப்போய் அடுத்த விமானத்தைப் பிடித்துவிடுவார். பெட்டியோ இறக்கப்பட்டு, பரிசோதிக்கப்பட்டு, பிரிக்கப்பட்டு, மறுபடி ஏற்றப்பட வேண்டும். இப்படித் தவறியவை அடுத்தடுத்த விமானங்களில் ரஷ் டேக் (அவசரமாக அனுப்ப வேண்டிய பெட்டி என்று காட்டும் சீட்டு) ஒட்டப்பட்டு வந்துவிடுகின்றன. பழைய பயணத்தின் பார்கோடு ஒட்டுகளைக் கிழிக்காமல் விட்டால், பெட்டிகளைப் பிரிக்கும் இயந்திரம் தவறானதைப் படித்து வேறு திசைக்கு அனுப்பவும் கூடும். அமெரிக்கா போன்ற நாடுகளில் முதலில் தரையிறங்கும் இடத்திலேயே பெட்டியை எடுத்து, சுங்கத்தைத் தாண்டி, மறுபடி ஒப்படைக்க வேண்டும் என்ற விதியை அறியாமல், அதை அங்கேயே விட்டுவிட்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள்.

உண்மையில் சிக்கலானவை டேக் அறுந்துபோன பெட்டிகளே. "கறுப்புப் பெட்டி, சக்கரம் வைத்தது" என்று சொன்னால் அந்த அடையாளத்துக்கு ஆயிரம் பெட்டிகள் பொருந்தும். ஒருமுறை வயதான ஓர் அம்மையார் அப்படித்தான் சொன்னார். ஒன்பது நாட்கள் ஆகியும் எதுவும் பொருந்தவில்லை. அவரைத் தொலைபேசியில் அழைத்து, "அம்மா, பெட்டியைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது எது?" என்று கேட்டேன். பேத்திக்காகப் பின்னிக்கொண்டிருந்த பச்சை ஸ்வெட்டர் என்றார், ஒரு கை மட்டும் முடியவில்லையாம், ஊசிகள் அதிலேயே குத்தியிருக்கின்றனவாம். அந்த வரியைப் பதிவில் சேர்த்த மறுநாளே இடைவழி நிலையம் ஒன்றின் கிடங்கிலிருந்து பதில் வந்துவிட்டது. ஆகவே புறப்படும் முன், பெட்டியை மூடியும் திறந்தும் இரண்டு படங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே துணிகளுக்கு மேலாகப் பெயர், தொலைபேசி எண், போய்ச் சேரும் முகவரி ஆகியவற்றை எழுதிய தாள் ஒன்றை வையுங்கள். மருந்து, நகை, அசல் ஆவணங்கள் ஆகியவற்றைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும் என்பதை எத்தனை முறை சொன்னாலும் எனக்குச் சலிக்காது.

இழப்பீட்டைப் பொறுத்தவரை, சர்வதேச விமானப் பயணங்களில் நிறுவனங்களின் பொறுப்பை வரையறுக்கும் 1999ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கையைப் பெரும்பாலான நாடுகள் ஏற்றுள்ளன. அதன்படி 21 நாட்களுக்குள் வந்து சேராத பெட்டி தொலைந்ததாகக் கருதப்படும். விமான நிறுவனத்தின் பொறுப்புக்கு, ஒரு பயணிக்கு 1,519 சிறப்பு எடுப்பு உரிமை (பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு, SDR) என்பது 2024 டிசம்பர் 28 முதல் உச்சவரம்பாக உள்ளது. இது உச்சவரம்பு மட்டுமே. எல்லோருக்கும் தானாகக் கிடைக்கும் தொகை அன்று. பெட்டி வரும்வரை வாங்க நேர்ந்த மாற்றுத்துணி, சோப்பு போன்ற அவசியப் பொருட்களுக்கு நியாயமான செலவைக் கேட்கலாம், ஆனால் ரசீது இல்லாத செலவுக்காக வாதாடுவது கடினம். தாமதத்துக்கான புகாரைப் பெட்டி கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாட்களுக்குள் எழுத்தில் தர வேண்டும். கவுன்டரில் பி.ஐ.ஆர். கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று இருந்து, இந்தக் கெடுவைத் தவறவிட்டவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். வழக்குத் தொடுக்க இரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு. பல நிறுவனங்களின் விமானங்களில் மாறி மாறி வந்திருந்தால், கடைசியாக உங்களைக் கொண்டுவந்து இறக்கிய நிறுவனத்திடமே முதலில் பதிவு செய்யுங்கள்.

பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து தருகிறவர் அவசரப்படுத்தினாலும், பூட்டையும் சக்கரங்களையும் பார்த்து, திறந்து சரிபார்த்த பிறகே கையெழுத்திடுங்கள். சேதம் இருந்தால் அதை அந்தத் தாளிலேயே குறித்துவிட்டு, ஏழு நாட்களுக்குள் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கைப்பிடியில் தொங்கும் ரஷ் டேக்கைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிடாமல், செலவு ரசீதுகளோடு சேர்த்து வையுங்கள். பெட்டி எந்த விமானத்தில், எந்தத் தேதியில் வந்தது என்பது அதில் அச்சிடப்பட்டிருக்கும்.