காதால் பார்க்கும் அம்பயர்

வட அமெரிக்காவின் தொழில்முறைப் போட்டியான மேஜர் லீக் பேஸ்பாலில் சாதாரண ஆட்டத்துக்கு நான்கு அம்பயர்கள்: பேட்டர் நின்று அடிக்கும் ஹோம் பிளேட்டில் ஒருவர், ரன்னர் வரிசையாகத் தொட்டு ஓடும் மற்ற மூன்று பேஸ்களுக்கு ஆளுக்கொருவர். பட்டத்துக்கான இறுதிப் போட்டியான உலகத் தொடரில் 1947 முதல் ஆறு பேர்; கூடுதலாக வரும் இருவர் இடது, வலது ஃபவுல் கோடுகளை (களத்தின் பக்க எல்லைகளை) ஒட்டி அவுட்ஃபீல்டில் நிற்பார்கள்.

பிளேட் அம்பயர், பேட்டருக்குப் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிக்கும் கேட்சருக்கு நேர் பின்னால் நிற்பதில்லை. கேட்சருக்கும் பேட்டருக்கும் இடையில் தெரியும் சந்துதான் அவர் இடம். அதற்கு 'ஸ்லாட்' என்று பெயர். அம்பயரின் தாடை கேட்சரின் உச்சந்தலை உயரத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. இறங்கினால் முழங்கால் உயரத்தில் வரும் பந்தைக் கேட்சரே மறைத்துவிடுவார். பிளேட்டின் அகலம் 17 அங்குலம்தான். ஆனாலும் கண் பேட்டர் பக்கமே இருப்பதால், எதிர்ப்பக்கத் தாழ்ந்த மூலையைக் கணிப்பது கடினம். பந்தோடு சேர்ந்து தலையும் நகர்ந்தால் கணிப்பு இன்னும் கெடும்.

உண்மையான நுட்பம் ஃபர்ஸ்ட் பேஸில் இருக்கிறது. பந்து அடிக்கப்படும் வரை அம்பயர் ஃபர்ஸ்ட் பேஸ்மேனுக்குச் சுமார் 10 அடி பின்னால், ஃபவுல் கோட்டுக்கு வெளியே நிற்பார். தரையோடு உருளும் பந்தை ஃபீல்டர் எடுத்ததும், எறி வரும் பாதைக்குச் செங்குத்தாக, பேஸிலிருந்து 15 முதல் 18 அடி தூரத்துக்கு வந்து அசையாமல் நின்றுவிடுவார். ரன்னரின் கால் பேஸை முதலில் தொட்டதா, பந்து முதலில் வந்ததா என்பதுதான் கேள்வி. கண் பேஸின் மேல். பந்து கையுறையில் விழுவதைக் காது சொல்லும். இரண்டையும் ஒரே நேரத்தில் கண்ணால் பிடிக்க முடியாது. 18 அடியைக் கடக்க ஓசைக்கு 16 மில்லிவிநாடி ஆகும். விநாடிக்கு 8 மீட்டர் ஓடுபவர் அதற்குள் 13 செ.மீ. நகர்ந்திருப்பார். 90 அடி தள்ளியிருக்கும் ஹோம் பிளேட்டிலிருந்து கேட்டால் அதுவே 64 செ.மீ. அப்படியென்றால் இன்னும் நெருங்கலாமே? நெருங்கினால் பேஸும் ஃபீல்டரின் காலும் ரன்னரின் காலும் ஒரே பார்வையில் அடங்காது.

ரன்னரைக் கையுறையால் தொட்டு அவுட்டாக்கும்போது ஓசை உதவாது. அங்கே இன்னும் கிட்டப்போய், கையுறைக்கும் உடலுக்கும் நடுவிலுள்ள இடைவெளி தெரியும் பக்கமாக நிற்க வேண்டும். ரன்னரின் முதுகுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டவர் ஊகித்துத்தான் சொல்ல முடியும்.

செகண்ட் பேஸ் அம்பயர், பேஸ்களில் யாரும் இல்லாதபோது அவுட்ஃபீல்ட் பக்கம் நிற்பார். ஃபர்ஸ்ட் பேஸில் ரன்னர் இருந்தால், பந்து வீசும் பிட்சரின் மேட்டுக்கும் செகண்ட் பேஸுக்கும் இடையே உள்ளே வந்துவிடுவார்.

இரண்டே அம்பயர்கள் உள்ள பள்ளி ஆட்டங்களில், ரன்னர் ஃபர்ஸ்ட் பேஸில் இருக்கும்போது களத்து அம்பயருக்கும் இதே உள்பகுதிதான். அங்கிருந்து ஃபர்ஸ்ட் பேஸ் ஏறக்குறைய 60 அடி. அடுத்தடுத்து இருவர் அவுட்டாகும் டபுள் பிளேயில் முதல் அவுட்டை செகண்ட் பேஸில் பார்த்துவிட்டுத் திரும்புபவருக்கு, 18 அடிக்குள் போய்ச்சேர நேரமே இருக்காது. சில எட்டு வைத்து, கோணத்தை மட்டுமாவது சரிசெய்துகொண்டு நின்றுவிடுவார்.