ஈயமில்லா பீசோ பீங்கான்: ஒற்றை எண்ணைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்

கர்ப்பிணியின் வயிற்றில் வைத்துப் பார்க்கும் ஸ்கேன் கருவியிலும், கார் பம்பரின் பார்க்கிங் சென்சாரிலும் ஒரு சின்னப் பீங்கான் துண்டு இருக்கிறது. அழுத்தினால் மின்னூட்டம் தரும், மின்னழுத்தம் கொடுத்தால் அதிரும். இதுதான் பீசோ பண்பு. பெரும்பாலும் அது லெட் சிர்கோனேட் டைட்டனேட், சுருக்கமாக பிஇசட்டி. அதன் எடையில் 60 சதவீதத்துக்கும் மேல் ஈயம்.

கருவிக்குள் இருக்கும்வரை அதனால் தீங்கில்லை. சூளையில் சுடும்போது ஈய ஆக்சைடு ஆவியாகிறதே, அங்கே தீங்கு. பழைய சாதனங்களை உடைத்து எரிக்கும் இடங்களிலும் தீங்கு. ரத்தத்தில் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்றே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2006 ஜூலை முதல் மின்னணுப் பொருட்களில் ஈயத்துக்கு 0.1 சதவீத வரம்பு வைத்த ஐரோப்பிய ஒன்றியம், பீசோ பீங்கானுக்கு விலக்கு கொடுத்தது. ஈடான மாற்று இல்லை என்பதே காரணம்.

அந்த மாற்றைத் தேடும் வழிகளில் முக்கியமானது மாசூட்டல், அதாவது பீங்கானில் வேறு தனிமங்களைச் சிறிதளவு சேர்ப்பது. பொட்டாசியம் சோடியம் நையோபேட் என்ற ஈயமில்லாப் பீங்கானை எடுத்துக்கொள்வோம். சாதாரணமாகச் சுட்டால், அழுத்தும் விசையில் ஒரு நியூட்டனுக்கு 80 பைகோகூலும் (மின்னூட்டத்தின் மிகச் சிறிய அலகு) அளவுக்குத்தான் மின்னூட்டம் தரும். 2004இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதில் லித்தியம், டான்டலம், ஆன்டிமனி மூன்றையும் சேர்த்து அதை 300க்கு உயர்த்தினார்கள். படிகங்களை ஒரே திசையில் அடுக்கியபோது 416. பிஇசட்டியின் பல வகைகள் நிற்கும் உயரம் அது.

அந்த உயர்வு எப்படி வந்தது என்பதை என்னிடம் வரும் ஒவ்வொரு மாணவரிடமும் கேட்கிறேன். இந்தப் பீங்கானின் படிக அமைப்பு சுமார் 200 டிகிரி செல்சியஸில் ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும். மாறும் அந்த இடத்தில் உள்ளிருக்கும் மின்முனைகள் எளிதாகத் திரும்பும், அதனால் துலங்கல் கூடும். நாம் சேர்க்கும் அணுக்கள் அந்த மாற்றத்தை அறை வெப்பநிலைக்கு இழுத்து வருகின்றன. உச்சம் அங்கே கிடைக்கிறது. சூடு ஏறினால் இறங்கிவிடுகிறது. பிஇசட்டியில் இரு வடிவங்கள் சந்திக்கும் எல்லையைப் பெரும்பாலும் சிர்கோனியம், டைட்டானியம் விகிதமே தீர்மானிப்பதால், வெப்பம் அதை அவ்வளவாக அசைப்பதில்லை. இந்த வேறுபாடுதான் என் கவலை.

2009இல் சீன, ஜப்பானியத் தொடர்புள்ள ஆய்வு ஒன்று, கால்சியமும் சிர்கோனியமும் சேர்த்த பேரியம் டைட்டனேட்டில் 620ஐத் தொட்டது. மகத்தான வேலை. ஆனால் அதன் கியூரி வெப்பநிலை 93 டிகிரி. அதைத் தாண்டினால் பீசோ பண்பே போய்விடும். கார் எஞ்சினுக்கு அருகில் அதைப் பொருத்த முடியுமா? ஆகவே ஆய்வறிக்கையானாலும் விற்பனைத் தாளானாலும், அறை வெப்பநிலை எண்ணோடு நிற்காமல், 25லிருந்து 150 டிகிரி வரையிலான வரைபடத்தைக் கேளுங்கள். அதிக ஆற்றலில் அதிரும் கருவி என்றால், எவ்வளவு ஆற்றல் வெப்பமாக வீணாகிறது என்று காட்டும் இழப்பு எண்ணையும் கேளுங்கள். தாமிரமோ மாங்கனீஸோ சேர்த்தால் இழப்பு குறையும், ஆனால் உணர்திறனும் குறையக்கூடும்.

ஆய்வகத்தில் இருப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். நையோபேட் பீங்கானுக்கு மூலப்பொருளான பொட்டாசியம் கார்பனேட் மழைக்கால உப்பைப் போல ஈரத்தை இழுக்கும். உலர்த்தாமல் எடை போட்டால், நீங்கள் எழுதி வைத்த விகிதம் தூளில் இருக்காது. அப்புறம் மாசூட்டல் பலித்ததா இல்லையா என்ற பேச்சுக்கே இடமில்லை. சுடும்போது பொட்டாசியமும் சோடியமும் ஆவியாகும். மூசையை (சுடும் கிண்ணத்தை) மூடி, அதே கலவைத் தூளில் வில்லையை (அழுத்திய தூள் வட்டை) புதைத்துச் சுடுங்கள்.

ஆன்டிமனி ஆக்சைடைக் கையாளும்போது முகமூடியும் புகைபோக்கிப் பெட்டியும் கட்டாயம். ஈயத்தை விலக்கிவிட்டோம் என்பதற்காக இது சாதுவான பொருள் ஆகிவிடாது.

பிஇசட்டி அரைத்த ஜாடியையும் சுட்ட மூசையையும் ஈயமில்லா வேலைக்கு எடுக்காதீர்கள். பிஇசட்டி உடைசல்களைக் குப்பைத்தொட்டியில் போடாமல், தனிப் பெட்டியில் பெயர் எழுதிச் சேர்த்து, அபாயக் கழிவு எடுக்க உரிமம் உள்ளவர்களிடம் கொடுங்கள்.