இமிகிரேஷன், கஸ்டம்ஸ்: தமிழில் எப்படிச் சொல்வது?

வெளிநாட்டு விமானம் ஏறப்போகிறவர்களின் வரிசையில் எனக்கு முன்னால் ஓர் அம்மா நின்றுகொண்டிருந்தார். மகளின் பிரசவத்துக்குப் போகிறார், முதல் பயணம். கையில் பாஸ்போர்ட், போர்டிங் பாஸ், அதோடு மகன் எழுதிக்கொடுத்த ஒரு துண்டுத்தாள். செக்-இன், குடியுரிமை, செக்யூரிட்டி, கேட் என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதியிருந்தது. இரண்டாவது சொல்லின்மேல் விரலை வைத்துக்கொண்டு என்னைக் கேட்டார்: “தம்பி, எனக்கு அந்த ஊர்க் குடியுரிமையெல்லாம் வேண்டாம். மூணு மாசம் இருந்துட்டு வந்துடுவேன். இந்த வரிசையில நான் நிக்கணுமா?”

நிற்கத்தான் வேண்டும் என்று சொல்லி, கவுண்டரில் என்னென்ன கேட்பார்கள் என்பதையும் சொன்னேன். அவர் நிம்மதியானார். எனக்குத்தான் அந்தத் துண்டுத்தாள் மனதைவிட்டுப் போகவில்லை. மகன்மேல் குற்றமில்லை. தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் ‘குடியுரிமைச் சோதனை’, ‘குடியுரிமை அதிகாரிகள்’ என்றுதான் பல காலமாக அச்சாகிறது. அதை அப்படியே எழுதிக்கொடுத்திருக்கிறார். படித்துப் பழகியவர்களுக்கு அது கண்ணில் உறுத்துவதில்லை. முதல்முறை படித்த அந்த அம்மாதான் சொல்லைச் சொல்லாகவே படித்தார். சரியாகவே படித்தார்.

குடியுரிமை என்றால் ஒரு நாட்டின் குடிமகனாக இருக்கும் உரிமை. ஓட்டுப் போடுவது, அந்த நாட்டுப் பாஸ்போர்ட் வாங்குவது எல்லாம் அதில் அடங்கும். விமான நிலையக் கவுண்டரில் அதை யாரும் கொடுப்பதுமில்லை, பறிப்பதுமில்லை. அங்கே பார்ப்பது வேறு. இந்தப் பாஸ்போர்ட் உண்மையானதா, இன்னும் செல்லுபடியாகிறதா, படத்தில் இருப்பவர்தான் எதிரே நிற்கிறாரா, போகிற நாட்டுக்கு விசா இருக்கிறதா, இவர் வெளியே போகக் கூடாது என்று நீதிமன்றமோ காவல்துறையோ சொல்லியிருக்கிறதா, வெளிநாட்டவர் என்றால் அனுமதித்த நாளைத் தாண்டித் தங்கிவிட்டாரா. இவ்வளவுதான். இதில் குடியுரிமை என்பது பாஸ்போர்ட்டின் ஒரு வரியில் இருக்கும் தகவல். சோதனையின் பெயராக அது எப்படி வந்தது என்பதுதான் புரியவில்லை.

சரி, இமிகிரேஷன் என்ற சொல்லுக்கு மூலப்பொருள் என்ன? லத்தீனில் ‘மிக்ராரே’ என்றால் இருப்பிடம் மாறுதல். ‘இன்’ என்ற முன்னொட்டு சேர்ந்தால் உள்ளே இடம்பெயர்தல், அதுதான் இமிகிரேஷன். ‘எக்ஸ்’ சேர்ந்தால் வெளியே இடம்பெயர்தல், அது எமிகிரேஷன். எழுத்தில் இகரத்துக்கும் எகரத்துக்கும் உள்ள வேறுபாடுதான், பொருளில் நேர் எதிர். பேச்சில் இரண்டும் காதில் ஒன்றாகவே விழுவதால் நாம் எல்லாவற்றையும் இமிகிரேஷன் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஆங்கிலத்தில் பலகை வைக்கும் பல விமான நிலையங்களிலும் கதை இதுதான். நாட்டைவிட்டுக் கிளம்புகிறவர் நிற்கும் கவுண்டருக்கு மேலேயும் ‘இமிகிரேஷன்’ என்றே பலகை தொங்குகிறது. வெளியே போகிற வாசலுக்கு உள்ளே வருவதன் பெயர்.

இந்தியாவில் எமிகிரேஷன் என்ற சொல்லுக்குத் தனியாகவே ஒரு வேலை உண்டு. 1983ஆம் ஆண்டின் எமிகிரேஷன் சட்டம் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகிறவர்களைப் பற்றியது. பத்தாம் வகுப்புத் தேறாத ஒருவர் குறிப்பிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குப் போவதாக இருந்தால் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், ‘இ.சி.ஆர். பாஸ்போர்ட்’ (எமிகிரேஷன் செக் ரிக்வயர்டு, அதாவது எமிகிரேஷன் சோதனை தேவைப்படும் பாஸ்போர்ட்) என்று நம் ஆட்கள் சொல்வது இதைத்தான். வேலை ஒப்பந்தம் சரியாக இருக்கிறதா, ஏமாற்றி அழைத்துப்போகிறார்களா என்று பார்த்துத் தொழிலாளியைக் காப்பதற்கான ஏற்பாடு அது. இங்கே இமிகிரேஷன், எமிகிரேஷன் இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால், பாதுகாப்புக்காக வைத்த அனுமதி எது, எல்லோருக்கும் உள்ள சோதனை எது என்று படிக்கிறவருக்குத் தெரியாமல் போய்விடும். சொல்லில் ஏன் இவ்வளவு கறாராக இருக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இந்த எடுத்துக்காட்டைத்தான்.

தமிழில் இதற்கு முறையான சொற்கள் இல்லாமல் இல்லை. இலங்கையில் அந்தத் துறையின் பெயரே ‘குடிவரவு குடியகல்வுத் திணைக்களம்’. வருவதற்கு ஒன்று, போவதற்கு ஒன்று. 1948ஆம் ஆண்டின் சட்டமும் குடிவருவோர், குடியகல்வோர் என்று இரு சாராரையும் பெயரிலேயே வைத்திருக்கிறது. அகல்தல் என்றால் நீங்குதல், விலகிப் போதல். எவ்வளவு பொருத்தமான வினை! இமிகிரேஷனும் எமிகிரேஷனும் ஓசையில் எப்படி ஒரு ஜோடியோ, வரவும் அகல்வும் பொருளில் அப்படி ஒரு ஜோடி. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் ‘குடிநுழைவு’ என்கிறார்கள். நல்ல சொல்தான், ஆனால் அதில் உள்ளே வரும் திசை மட்டுமே இருக்கிறது. தமிழ்நாட்டில் ‘குடியேற்றத் துறை’ என்று எழுதுவோரும் உண்டு. குடியுரிமையைவிட அது எவ்வளவோ மேல். ஆனாலும் குடியேறுதல் என்றால் போய் நிலையாகத் தங்குதல் என்றே காதில் விழும்.

இந்த எல்லாச் சொற்களிலும் முன்னால் நிற்கிற ‘குடி’யைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். குடிசை, குடும்பம், குடித்தனம், குடிக்கூலி, குடியிருப்பு என்று எங்கும் அது நிலைத்து வாழ்வதைக் குறிக்கிறது. புதுவீடு கட்டினால் குடிபுகுகிறோம். வாடகை வீடு மாறினால் ‘அவங்க போன மாசமே குடி போயிட்டாங்களே’ என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். பாய், பாத்திரம், சாமி படம் எல்லாவற்றோடும் போவதுதான் குடிபோவது. மூன்று மாதம் மகளோடு இருக்கப் போகும் அம்மா எங்கேயும் குடி போகவில்லை. நான்கு நாள் சுற்றுலா போகிறவரும் போகவில்லை. லத்தீன் ‘மிக்ராரே’க்கும் இதே சிக்கல் உண்டு, ஆங்கிலத்தில் அது பழகித் தேய்ந்து மறைந்துவிட்டது. தமிழில் ‘குடி’ இன்னும் உயிரோடு இருப்பதால் நமக்கு உறுத்துகிறது. உயிருள்ள சொல் உறுத்துவது நல்லதுதான்.

ஆகவே என் கருத்து இது: துறைக்கும் சட்டத்துக்கும் குடிவரவு, குடியகல்வு என்ற ஜோடியை வைத்துக்கொள்ளலாம். பயணி நிற்கிற கவுண்டருக்குக் ‘கடவுச்சீட்டுச் சோதனை’ போதும். ஐரோப்பிய விமான நிலையங்கள் பலவற்றில் பலகை இதைத்தான் சொல்கிறது, அங்கே நடப்பதும் இதுதான். கடவு என்றால் வழி, கடந்து போகும் இடம். கடவுச்சீட்டு என்பது கடக்க உதவும் சீட்டு. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் கடப்பிதழ் என்பதும் அதே ‘கட’ என்ற வேரிலிருந்து வந்ததுதான். பேச்சில் பாஸ்போர்ட் என்றே இருக்கட்டும். ‘பாஸ்போர்ட் சோதனை’ என்று அந்தத் துண்டுத்தாளில் எழுதியிருந்தால் அந்த அம்மா யாரையும் கேட்டிருக்க மாட்டார்.

கஸ்டம்ஸ் கதை வேறு மாதிரி. இதற்குச் சொல் தேட வேண்டியதே இல்லை. சுங்கம் என்பது ஊருக்கு ஊர் தெரிந்த சொல். பாலி மொழியில் ‘சுங்க’, வடமொழியில் ‘சுல்க’. கன்னடத்திலும் தெலுங்கிலும் மலையாளத்திலும் கொஞ்சம் ஓசை மாறி இதே சொல்தான். தமிழில் இதற்கும் பழையதாக ‘உல்கு’ என்று ஒன்று இருந்தது. அதுவும் அதே கிளைச் சொல்தான் என்பது மொழியறிஞர் பலர் கருத்து. ‘உறுபொருளும் உல்கு பொருளும்’ என்று 756ஆம் குறள் அரசனின் வருவாயை எண்ணும்போது உல்கைச் சேர்க்கிறது. அதற்கு உரை எழுதிய பரிமேலழகர், உல்கு என்பது சுங்கம், ‘கலத்தினும் காலினும் வரும் பண்டங்கட்கு இறையாயது’ என்கிறார். கலம் என்றால் கப்பல், கால் என்பது நிலவழி. கப்பலில் வந்தாலும் தரைவழி வந்தாலும் சரக்குக்குக் கட்டும் வரி என்று ஐந்தே சொல்லில் முடித்துவிட்டார். ‘கால்’ என்பதற்குக் காற்று என்றும் ஒரு பொருள் உண்டு. அவர் அதை நினைக்கவில்லை, ஆனால் இன்று காற்றின் வழியே வரும் சரக்குக்கும் அந்த வரையறை அப்படியே பொருந்துவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் நிறைகிறது.

நெடுஞ்சாலையில் வண்டிக்குப் பணம் கட்டும் இடத்தைச் சுங்கச்சாவடி என்கிறோமே, அதோடு இது குழம்பாதா என்று சிலர் கேட்பதுண்டு. குழம்பாது, பழைய வழக்கே இரண்டையும் சேர்த்துத்தான் இருந்தது. மிளகுமூட்டை சுமந்த கழுதைச் சாத்து, அதாவது வணிகக் கூட்டம், போகும் பெருவழியைப் பெரும்பாணாற்றுப்படை ‘உல்குடைப் பெருவழி’ என்கிறது. வில் ஏந்தியவர்கள் அதைக் காத்தார்கள். அதைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனாரே பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தைக் காட்டுகிறார். அங்கே அரசனின் பொருளைக் காக்கிறவர்கள் கதிரவன் தேரில் பூட்டிய குதிரைகளைப் போல நாள்தோறும் சோர்வில்லாமல் உல்கு வாங்குகிறார்கள். கடலிலிருந்து நிலத்துக்கு ஏறும் பண்டம், நிலத்திலிருந்து கடலுக்கு இறங்கும் பண்டம், இரண்டும் அளக்க முடியாமல் குவிகின்றன. அவற்றின்மேல் சோழனின் புலிச் சின்னத்தைக் குத்தி வெளியே அனுப்புகிறார்கள்: ‘புலி பொறித்துப் புறம் போக்கி’.

இந்த நான்கு சொல்லில் ஒரு சுங்கச் சோதனை முழுதாக இருக்கிறது. பார்த்தாயிற்று, முத்திரை குத்தியாயிற்று, போகவிட்டாயிற்று. வரும் சரக்கு மட்டுமல்ல, போகும் சரக்கும் அங்கே சொல்லப்படுவதைக் கவனிக்க வேண்டும். கஸ்டம்ஸ் என்றால் வெளிநாட்டிலிருந்து வரும்போது தங்கத்துக்குக் கட்டுவது என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். கிளம்பும்போதும் அதற்கு வேலை உண்டு.

ஆங்கிலச் சொல்லின் வரலாறும் இதையே சொல்கிறது. ‘கஸ்டம்’ என்றால் வழக்கம். லத்தீன் ‘கன்சுவேத்துதோ’, பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. அரசனுக்கு வழக்கமாகக் கட்டும் பணம் என்பதால் ‘கஸ்டம்ஸ்’ ஆயிற்று. 1275இல் இங்கிலாந்தின் முதலாம் எட்வர்டு ஆட்சியில் நாடு முழுமைக்கும் ஒரு சுங்கம் விதித்தார்கள். அது நாட்டுக்குள் வரும் பொருளுக்கு விதித்ததல்ல. வெளியே போகும் கம்பளிக்கும் தோலுக்கும் விதித்தது. தமிழர் வரலாற்றில் இதற்கு எதிர்ப்பக்கத்தில் ஒருவர் இருக்கிறார். 1070இல் அரியணை ஏறிய முதலாம் குலோத்துங்கனுக்குச் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்று பெயர். வரியை நீக்கியதற்காகவே ஓர் அரசன் பெயர் பெற்றிருக்கிறான் என்றால் அந்தச் சொல் மக்கள் வாயில் எவ்வளவு புழங்கியிருக்க வேண்டும்.

கிளம்பும்போது சுங்கத்தில் என்ன வேலை? பெரும்பாலோருக்கு ஒன்றுமில்லை, நேராக நடந்து போய்விடலாம். ஆனால் 10,000 யூரோவோ அதற்கு மேலோ பணமாக எடுத்துக்கொண்டு ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியே போகிறவர் எழுதிக்கொடுக்க வேண்டும். அமெரிக்காவில் 10,000 டாலரைத் தாண்டினால் அதே விதி. எடுத்துப்போவது குற்றமில்லை, சொல்லாமல் எடுத்துப்போவதுதான் குற்றம். விலையுயர்ந்த கேமராவோ நகையோ கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருகிறவர்கள், போகும்போதே சுங்க அதிகாரியிடம் காட்டிச் சான்று வாங்கி வைத்துக்கொண்டால் வரும்போது அதற்குத் தீர்வை கேட்க மாட்டார்கள். சுற்றுலா போன நாட்டில் கட்டிய விற்பனை வரியைத் திரும்பப் பெறுவதற்கும் சுங்க முத்திரை கேட்பதுண்டு. அதற்குப் பொருளைக் காட்டச் சொல்லலாம் என்பதால் பெட்டியைச் செக்-இன்னில் போடும் முன்பே போய்விட வேண்டும். தீர்வை என்று சொன்னேனே, அதையும் குறித்துக்கொள்ளலாம். கட்டும் தொகை தீர்வை. அதை வாங்கும் அமைப்பும் ஏற்பாடும் சுங்கம். டியூட்டி-ஃப்ரீ கடையைத் தீர்வையில்லாக் கடை என்றால் போதும்.

எல்லா நாட்டிலும் கிளம்பும்போது கடவுச்சீட்டுச் சோதனை இருக்கும் என்றும் எண்ணிவிடக் கூடாது. அமெரிக்கா, கனடா, பிரிட்டன் ஆகிய நாடுகளிலிருந்து கிளம்பினால் அப்படித் தனிக் கவுண்டர் கிடையாது. விமான நிறுவனம் தரும் விவரமே போதும். இதற்கு மறுபக்கமாக, டப்ளினிலும் அபுதாபியிலும் கனடாவின் பெரிய விமான நிலையங்களிலும் அமெரிக்க அதிகாரிகளே உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கிருந்து அமெரிக்கா போகிறவர் விமானம் ஏறும் முன்பே அமெரிக்கக் குடிவரவையும் சுங்கத்தையும் முடித்துவிடுகிறார். இறங்கியதும் உள்நாட்டுப் பயணிபோல வெளியே வந்துவிடலாம். கால் இன்னும் அயர்லாந்து மண்ணில்தான் இருக்கிறது, ஆனால் நடந்தது குடிவரவுச் சோதனை. குடிவரவு, குடியகல்வு என்ற இரு சொல்லும் கையில் இருந்தால் இதைத் தமிழில் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட முடிகிறது. குடியுரிமை என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள், முடியாது.

கடைசியாக ‘கிளியரன்ஸ்’. சுங்க அனுமதி, குடியகல்வு அனுமதி என்று அலுவலகத் தாளில் எழுதலாம், பிழையில்லை. பேச்சில் அதற்கு ஏற்கெனவே ஒரு வினைச்சொல் இருக்கிறது. ‘இமிகிரேஷன் கிளியர் பண்ணிட்டியா’ என்பதைவிட அதிகமாக நாம் கேட்பது ‘இமிகிரேஷன் முடிஞ்சுதா’ என்பதுதான். முடித்தல் என்ற அந்த வினையே போதும். அன்று அந்த அம்மாவும் கவுண்டரைத் தாண்டியதும் துண்டுத்தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, போனை எடுத்து மகனிடம் சொன்னார்: “பாஸ்போர்ட்டெல்லாம் பாத்து முடிச்சுட்டாங்கப்பா. உள்ள வந்துட்டேன்.”